மொறுமொறு உருளைக்கிழங்குத் தோல்: தாச்சியா, ஓவனா, எயர் பிரையரா, தணலா?

நிறைத்த உருளைக்கிழங்குத் தோலை வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எயர் பிரையர் இல்லாமல் சரிவருமோ?" என்றுதான். அடுத்தது, "ஓவன் வாங்கினால் கேக்குக்கும் சேர்த்துக் காணுமே?" என்பது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கிற ஒரு சாதாரண குசினியை மனதில் வைத்துச் சொன்னால், இந்தப் பண்டத்துக்காக மட்டும் எந்த மெஷினும் வாங்கத் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் கணக்கு வேறு.

பண்டம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970களில் அமெரிக்க உணவகங்களில் பரவிய நொறுக்கு இது. கிழங்கை முழுதாகச் சுட்டு, இரண்டாகப் பிளந்து, நடுச் சதையைத் தோண்டி எடுத்துவிட்டு, தோணி மாதிரி மிஞ்சும் தோலை மறுபடி மொறுகவிட்டு, மேலே செடார் சீஸ், பொரித்த பன்றி இறைச்சித் துண்டு, வெங்காயத்தாள், புளித்த கிரீம் எல்லாம் வைத்துக் கொடுப்பார்கள். அதாவது கிழங்கு இரண்டு தடவை நெருப்பைப் பார்க்கிறது. எல்லாரும் இரண்டாவது தடவையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் கணக்கில் பாதி விஷயம் முதல் தடவையிலேயே முடிந்துவிடுகிறது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவது மொறுகல்: வாயில் வைக்கும்போது இருப்பது மட்டுமல்ல, மேலே சீஸும் தயிரும் ஏறின பிறகும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. இரண்டாவது, ஒரு தடவையில் எத்தனை துண்டு வரும். ஆறு பேர் இருக்கிற வீட்டில் நான்கு நான்காகச் செய்தால், முதல் தட்டு ஆறின பிறகுதான் கடைசித் தட்டு வரும். மூன்றாவது, மேலிருந்து சூடு கிடைக்குமா? இதைப் பலர் யோசிப்பதில்லை. கீழ்ச் சூடு தோலை மொறுக்கும், சீஸை உருக்குவதற்கு மேற்சூடு வேண்டும். பிறகு செலவு: எண்ணெய், காஸ், கரண்ட், விறகு. கடைசியாக, அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்கலாமா என்பது.

## முதலில் கிழங்கு

இது சரியில்லாவிட்டால் கீழே சொல்கிற எந்த வழியும் உதவாது. மாவுத்தன்மை கூடின, தண்ணீர் குறைந்த கிழங்குதான் நன்றாக மொறுகும். மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் புதுக்கிழங்கு கறிக்கு அருமை, இதற்கு அல்ல. பெருவிரலால் தேய்த்தாலே தோல் உரிந்தால் அது இன்னும் முற்றவில்லை. இரண்டு கிழமை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் தோல் இறுகும். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கு மண்ணோடு வரும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிடவேண்டும். பாகிஸ்தான் கிழங்கு ஓரளவு சுத்தமாக, பெரிதாக வரும். எது வாங்கினாலும் ஒரே அளவாகப் பொறுக்குங்கள். ஒரு கிலோவுக்கு ஆறேழு நிற்கிற அளவு போதும்.

தோலைச் சாப்பிடப்போவதால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். பச்சை பிடித்த கிழங்கை விட்டுவிடுங்கள். அந்தப் பச்சையோடு சேர்ந்து வரும் நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது, அது கூடுதலாக இருப்பதும் தோலை ஒட்டித்தான். வேகாத கிழங்கைப் பிரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். குளிரில் மாச்சத்து சீனியாக மாறி, பொரிக்கும்போது உள்ளே மொறுகுமுன் வெளியே கறுத்துவிடும்.

## முதல் வேக்காடு: நான்கு வழி

| வழி | நடுத்தரக் கிழங்குக்கு நேரம் | தோல் எப்படி வரும் | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|
| தண்ணீரில் அவித்தல் | 20 – 25 நிமிடம் | ஈரமாக, உரியும் நிலையில் | வேறு வழி இல்லாதபோது மட்டும் |
| மைக்ரோவேவ் | 4 கிழங்குக்கு 10 நிமிடம் வரை | மெல்லியதாக, சுருங்கி | அவசரத்துக்கு |
| ஓவன், 200 பாகை செல்சியஸ் | 50 – 60 நிமிடம் | உலர்ந்து, தடிப்பாக | ஓவன் எப்படியும் எரிகிற நாளில் |
| உப்புப் படுக்கையும் தணலும் | ஒரு மணி, சிலவேளை கூட | உலர்ந்து, உப்பேறி | விறகு அடுப்பு உள்ள வீடுகளில் |

அவித்த கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு என்ன எண்ணெயில் போட்டாலும் அந்தத் தண்ணீர் போய் முடியத்தான் நேரம் எடுக்கும், அதற்குள் ஓரம் கருகும். வேறு வழியில்லை என்றால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்படி அவித்து, பிளந்து தோண்டிவிட்டு, காற்றுப்படும் இடத்தில் ஒரு மணிநேரமாவது காயவிடுங்கள். மைக்ரோவேவில் வைப்பதானால் முதலில் முள்ளுக்கரண்டியால் நாலு பக்கமும் குத்தவேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

ஓவனிலோ தணலிலோ சுடும்போது அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள். கடைகளில் அப்படித்தானே செய்கிறார்கள் என்று நினைக்கலாம். அது சதை ஈரமாக இருக்கவேண்டும் என்பதற்காக. நமக்கு வேண்டியது நேர்மாறு. தாளுக்குள் அடைபட்ட ஆவி தோலை நமத்துப்போக வைக்கும். சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே வெளியில் மணிக்கணக்காக வைப்பதில் வேறு ஆபத்தும் உண்டு: காற்றில்லாத அந்தச் சூட்டில் கொடிய நச்சுக் கிருமி வளரலாம்.

எப்படி வேகவைத்தாலும் தோண்டும்போது சுவரில் அரை சென்ரிமீற்றர் சதை மிஞ்ச விடுங்கள். அதைவிட மெல்லியதாகச் சுரண்டினால் கிழியும், தடிப்பாக விட்டால் நடுவில் மசியலாகவே இருக்கும்.

## தாச்சியில் பொரித்தல்

மொறுகலில் இதை எதுவும் வெல்லாது. சுட்ட தோலை 180 பாகை எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் விட்டால், உள்ளும் புறமும் ஒரே மாதிரிப் பொன்னிறமாகும். வெப்பமானி இல்லாதவர்கள் மர அகப்பையின் காம்பை எண்ணெயில் வைத்துப் பார்க்கலாம், சுற்றிச் சின்னக் குமிழ் விடாமல் வந்தால் சரி. பொரிகிற சத்தம் அடங்கி, குமிழ் குறையும்போது எடுங்கள்.

மறைந்த செலவு எண்ணெய். ஒரு தாச்சிக்கு முக்கால் லீற்றராவது வேண்டும், தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் அது சின்னக் காசு அல்ல. மிச்சத்தை வடித்து இன்னும் ஒன்றிரண்டு தடவை பாவிக்கலாம். கறுத்தாலோ, நுரைத்தாலோ, முந்தினதைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ ஊற்றிவிடவேண்டியதுதான். இன்னொரு செலவு நேரம்: ஒரு தடவைக்கு நான்கு துண்டு, அதுவும் பக்கத்திலேயே நின்று.

தோணி வடிவம் என்பதால் குழிக்குள் எண்ணெய் தேங்கும். கடதாசியில் நிமிர்த்தி வைத்தால் அது வடியாது. வடிதட்டில் கவிழ்த்து வையுங்கள். மேற்சூடு கிடையாது என்பதுதான் இந்த வழியின் உண்மையான குறை. பொரித்த சூட்டோடு சீஸ் வைத்து, சூடான தோசைக்கல்லில் அடுக்கி, ஒரு நிமிடம் மட்டும் மூடினால் உருகும். இரண்டாவது நிமிடத்தில் மூடியில் ஆவி கட்டி, பட்ட பாடெல்லாம் வீண்.

சீஸே வேண்டாம், சம்பலும் கருவாடும் போதும் என்கிற வீட்டுக்கும், ரோல்ஸோ வாய்ப்பனோ பொரிக்க எப்படியும் எண்ணெய் காய்கிற நாளுக்கும் இதுதான் முதல் தெரிவு.

## ஓவன்

ஒரே தட்டில் பன்னிரண்டு பதினான்கு துண்டு வைக்கலாம். மேலும் கீழும் சூடு கிடைக்கும். பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, உப்புத் தூவி, 220 பாகையில் கவிழ்த்து பத்து நிமிடம், நிமிர்த்தி பத்து நிமிடம், பிறகு சீஸ் போட்டு நான்கைந்து நிமிடம். தோல் மொறுகும், ஆனால் பொரித்த தோலின் கரகரப்பு வராது. கொஞ்சம் இழுவையாகவே இருக்கும்.

கரண்ட் கணக்கைப் பாருங்கள். 1500 வாட் ஓவன் முதல் வேக்காட்டுக்கு ஒரு மணி, மொறுகலுக்கு அரை மணி எரிந்தால் அதிகபட்சம் இரண்டேகால் யூனிற். சூடு ஏறின பிறகு விட்டுவிட்டுத்தான் எரியும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஒரு நாளுக்கு இது பெரிதில்லை. ஆனால் மாதப் பாவனை 60 யூனிற்றுக்குள் நிற்கிற வீடுகள் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டினால் தாண்டின யூனிற்றுக்கு மட்டுமல்ல, முதல் யூனிற்றிலிருந்தே வேறு கட்டண வரிசைக்குப் போய்விடும். மாதக் கடைசியில் மீற்றரைப் பார்க்காமல் ஓவனைப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சித்திரை வெயிலில் ஒன்றரை மணிநேரம் ஓவன் எரிகிற குசினியில் நிற்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கேக் சுடுகிற அன்று, கேக் இறங்கின சூட்டிலேயே கிழங்கை வைத்தால் முதல் வேக்காட்டின் செலவில் ஒரு பகுதி மிச்சம். ஓவனுக்கு ஏற்ற நாள் அதுதான், மற்றது பிறந்தநாள் போலக் கூட்டம் வருகிற நாள்.

## எயர் பிரையர்

வேலை சுலபம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போதும், மொறுகல் ஓவனைவிட ஒருபடி மேல். 200 பாகையில் எட்டுப் பத்து நிமிடம். கொதிக்கிற எண்ணெய் இல்லாததால் பதின்ம வயதுப் பிள்ளைகளே செய்துகொள்ளலாம், வைத்தியர் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன வயதானவர்களுக்கும் வசதி.

குறை இடம். நான்கு லீற்றர் கூடையில் ஐந்தாறு துண்டுதான் ஒரே அடுக்காக நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் காற்று போகாது, நமத்துவிடும். உள்ளே சுற்றுகிற காற்று பலமானது என்பதால் துருவின சீஸும், கறிவேப்பிலையும், பொரித்த நெத்தலியும் பறந்து மேலே சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகும். சீஸை விரலால் அழுத்திவிடுங்கள், மற்றதையெல்லாம் வெளியே எடுத்த பிறகு தூவுங்கள்.

வன்னியில் எயர் பிரையரின் பெரிய மறைசெலவு பெட்டியின் அடியில் எழுதியிருக்கிற வோல்ட்டேஜ். வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் அனுப்புகிற சாமான்களில் இதுவும் வரத் தொடங்கிவிட்டது. கனடாவிலிருந்து வந்தது என்றால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நமது 230 வோல்ட்டில் குத்தினால் அந்த இடத்திலேயே எரிந்துவிடும். பாவிக்கவேண்டும் என்றால் 2000 வாட்டாவது தாங்குகிற ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், அது பாரமும் விலையும் கூடியது. அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸிலிருந்து வந்தது 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாறும். லண்டனிலிருந்து வந்ததற்கு அந்தப் பிரச்சினையும் இல்லை, 13 அம்பியர் சதுர முள் பிளக் அப்படியே பொருந்தும்.

இங்கே வாங்கினாலும் சுவரைப் பாருங்கள். 1500 வாட் என்பது ஆறரை அம்பியர். பழைய வட்டமுள் 5 அம்பியர் பிளக்கில், அதுவும் மல்ரி பிளக் போட்டு, பிரிட்ஜோடு சேர்த்துக் குத்தினால் வயர் சூடேறும். லைட்டுக்கும் ஃபானுக்கும் என்று இழுத்த வயரிங் உள்ள வீட்டில் முதலில் எலக்ட்ரீஷியன் செலவு, பிறகுதான் எயர் பிரையர் செலவு.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, மூன்று நான்கு பேர்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம். அப்போதும் முதல் வேக்காட்டை அதில் செய்யாமல் மொறுகலுக்கு மட்டும் பாவித்தால் அரை யூனிற்றோடு வேலை முடியும்.

## தணலும் தோசைக்கல்லும்

வன்னிக் குசினிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2022இல் காஸும் கரண்டும் இல்லாமல் நாடே திண்டாடினபோதும் இங்கே பல வீடுகளில் விறகு அடுப்பு தன்பாட்டில் எரிந்தது. மத்தியானச் சமையல் முடிந்து பாலை விறகின் தணல் கிடக்கிறபோது, அதற்குத் தனிச் செலவு இல்லை. தணல் போதாவிட்டால் சிரட்டை நாலைந்து போட்டால் காணும்.

தணலுக்குள் வத்தாளங்கிழங்கைப் புதைத்துச் சுடுகிற பழக்கம் இருக்கிறது, ஆனால் அதில் தோலை உரித்து எறிந்துவிடுகிறோம். இங்கே தோலைத்தான் தின்னப்போகிறோம், சாம்பல் ஒட்டக்கூடாது. அதனால் உப்புப் படுக்கை. பழைய மண்சட்டியில் ஆனையிறவுக் கல்லுப்பை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, கிழங்குகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, தட்டையான மூடியால் மூடி, அடியில் தணல், மூடியின் மேலும் தணல். வீட்டில் கேக் சுட்டவர்கள் முந்தி செய்த அதே முறைதான். உப்பு சூட்டைப் பிடித்துச் சீராகக் கொடுக்கும், கிழங்கு விடுகிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரு மணிநேரத்தில் ஈர்க்கு தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. அலுமினியச் சட்டியோ இரும்புச் சட்டியோ வேண்டாம், உப்பு அரித்துவிடும். மண்சட்டியைச் சட்டென்று பெருந்தணலில் வைத்தால் வெடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுங்கள். ஈர உப்பு படபடவென்று தெறிக்கும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். பாவித்த உப்பை எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கும் உதவும், கறிக்குப் போடவேண்டாம்.

பிறகு தோண்டி, எண்ணெய் தடவி, தோசைக்கல்லில் தோல்பக்கம் கீழாக அடுக்கி, ஏழெட்டு நிமிடம் திறந்தபடி விடவேண்டும். அதன் பின் சீஸ் போட்டு, தணல் ஏற்றின மூடியை இரண்டு நிமிடம், ஆவி போக ஒரு பக்கம் இடைவெளி விட்டு வையுங்கள். மேற்சூடு எப்படிக் கிடைக்கும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். தாச்சிப் பொரியலின் கரகரப்பு முழுதாக வராது, ஆனால் தோலிலே ஏறியிருக்கிற உப்பும் இலேசான புகை மணமும் வேறெதிலும் கிடைக்காது.

செலவு என்றால் உங்கள் நேரமும் புகையும்தான். சூட்டைக் கூட்டக் குறைக்கத் திருகு இல்லை, கைப்பழக்கம்தான். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் முற்றத்தில் தணலை எடுத்து மூடியில் போடுகிற வேலை வேண்டாம். பொறி பறந்தால் கிடுகு வேலியும் காய்ந்த புல்லும் கிட்டத்தான் இருக்கின்றன.

கூட்டம் வருகிற நாளில் இரண்டையும் கலக்கலாம்: முதல் வேக்காடு உப்புப் படுக்கையில் காலையிலேயே, மொறுகல் பின்னேரம் தாச்சியில். தோண்டின தோலை இடையில் பிரிட்ஜில் திறந்தபடி வைத்தால் இன்னும் உலர்ந்து, எண்ணெயும் குறைவாகக் குடிக்கும்.

## மேலே என்ன வைப்பது

இதற்குப் பெரிய ஒப்பீடு தேவையில்லை. செடார் கட்டி கிடைத்தால் அது நல்லது, உருகி ஓரம் சிவக்கும். முக்கோணத் துண்டாக வரும் பதப்படுத்தின சீஸ் உருகினாலும் பசை மாதிரி நிற்கும், சிவக்காது. தாச்சி வழிக்கு அதுவே வசதி, குறைந்த சூட்டில் இளகும். பன்றி இறைச்சித் துண்டின் இடத்துக்கு நெத்தலிக் கருவாட்டைக் கழுவிக் காயவைத்து மொறுகப் பொரித்துத் தூவினால் உப்பும் கரகரப்பும் இரண்டும் வரும். முல்லைத்தீவுப் பக்கம் இறால் மலிவாக வருகிற நாளில் செத்தல் மிளகாயோடு பிரட்டி வைக்கலாம், தண்ணீர் முழுதாக வற்றியிருக்கவேண்டும்.

புளித்த கிரீமைத் தேடி வவுனியா சுப்பர் மார்க்கட் வரை போகாதீர்கள். சட்டியில் விற்கிற எருமைத் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணிநேரம் தொங்கவிட்டால், அதைவிடத் தடிப்பாகவும் ருசியாகவும் ஒன்று கிடைக்கும். உப்பும் பொடியாக வெட்டின வெங்காயத்தாளும் கலந்து, சாப்பிடும் நேரத்தில் மட்டும் வையுங்கள். தயிர் ஏறினதிலிருந்து தோலுக்கு ஆயுள் பத்து நிமிடம்தான், எந்த வழியில் செய்திருந்தாலும்.

## தோண்டின சதை

யாரும் கணக்கில் சேர்க்காதது இது. கிழங்கில் ஏறக்குறைய பாதி சதையாக வெளியே வந்துவிடும். ரோல்ஸுக்கோ கட்லெட்டுக்கோ ரின் மீனோடு பிசைய, உலர்ந்து வெந்த இந்தச் சதை அவித்த கிழங்கைவிட நல்லது. உருட்டும்போது கையில் ஒட்டாது, பொரிக்கும்போது பிளக்காது. அதனால் கட்லெட் செய்ய நினைத்திருக்கிற நாளில் தோல் ஏறக்குறைய இலவசம். அப்படி ஒரு யோசனை இல்லாத நாளில், நாலு பேருக்கு ஒரு தட்டுத் தோலுக்காக ஒரு கிலோ கிழங்கை உடைப்பதைவிட, கிழங்கைத் தோலோடு நீளமாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்துவிடுங்கள். அதற்கு எந்த மெஷின் என்று யாரும் கேட்பதுமில்லை.